மன்னார்க் கடலில் மூழ்கிய மச்சானுக்கு

காயல்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய முஆத் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை உம்மு ஹானியின் கணவன் யஹ்யா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கையும் மகள் யுஸ்ராவும் இறைவன் அருளால் உடம்பளவில் நலம். அங்கே சவூதி தம்மாமில் நீங்கள் நலம்தானா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தல்ஹா எழுதுகிற கதையின் இரண்டாம் அத்தியாயத்தில் நீங்கள் மன்னார் அருகே கப்பலோடு மூழ்கி இறந்துபோனதற்கு என் ஆழ்ந்த அனுதாபத்தை இதுவரை முறைப்படி தெரிவிக்கவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும். உடல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்ததைச் சொல்லித்தான் உங்கள் தங்கையைத் தேற்றினேன்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் இறந்த மறுநாளே குழுவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். ஒரு கடற்படைத் தளபதிக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே இந்த முடிவா என்று உங்களுக்குக் கோபம், அது நியாயமே. அதோடு, குழுவில் யார் எதை எழுதினாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அது கதைக்குள் வந்துவிடுகிறது. எனக்குப் பல்வலி என்று ஒருமுறை எழுதினேன். கதையில் வருகிற சுல்தானுக்குப் பல் பிடுங்கப்பட்டது. ஆகவே எழுதி முடித்ததும் யுஸ்ராவிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லப்போகிறேன். படிக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சொன்ன சொல் கேட்கிற பெண்.

நீங்கள் போன பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். யுஸ்ராவுக்கு நிச்சயம் செய்திருக்கிற தல்ஹா நல்ல பையன். தொழுகை தவறுவதில்லை, பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடுவதில்லை, கம்ப்யூட்டர் வேலை என்பதால் லேப்டாப் திறக்கிற இடமெல்லாம் அவனுக்கு ஆபீஸ். குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: அவன் நாடு ஆள்கிறான். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம், எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய உலகம் முழுவதும் அதில் படமாக விரிகிறது, எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஆளலாம், பெண் கொடுக்கலாம், வரி போடலாம், பக்கத்து ஊர்க்காரனுக்கு விஷம் வைக்கலாம். மற்ற பையன்கள் பிரான்சையோ துருக்கியையோ எடுத்து ஆடுகிறார்கள். தல்ஹா, பாண்டிய நாட்டின் ஓரத்தில் ஒரு புள்ளியாகக் கிடந்த நம் காயலை எடுத்தான். முத்துக் குளித்து, குதிரை இறக்கி, படை திரட்டி, பாண்டியனை மதுரைக்குள் அடைத்து, காயல் சுல்தானகம் என்று ஒன்றை நிறுவினான். அதோடு விட்டிருக்கலாம். ஆட்டத்தில் நடப்பதைக் கதையாக எழுதி, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக் கண்ணசருகிற நேரமாகப் பார்த்து வாராவாரம் குழுவில் போட ஆரம்பித்தான். "இது நடந்த வரலாறு இல்ல மாமா, நடந்திருக்கக்கூடிய வரலாறு" என்றான். நடக்காததை யானைக்கு இட்ட தீனி வரைக்கும் எழுதுகிற பையன், நடந்த ஒன்றை, அதாவது என் ஸ்கூட்டரைப் பள்ளிவாசல் சுவரில் மோதியதை, "லேசா உரசிருச்சு மாமா" என்று முடித்துக்கொண்டான்.

கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் நம் வீட்டுப் பெயர்களை வைத்தது மரியாதைக்காக என்று நினைத்தோம். சுல்தானின் பெயர் யஹ்யா ஷா. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் சில குணங்கள் ஒட்டியிருக்கும். யஹ்யா ஷாவுக்கு ஒட்டியிருந்தவை: கோழை, பெருந்தீனிக்காரர், எதிலும் சந்தேகம். நான் தல்ஹாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். "குணத்த நான் குடுக்கல மாமா, கம்ப்யூட்டரா குடுக்குது" என்றான். உங்கள் தங்கை அதைக் கேட்டுவிட்டு, "அந்தக் கம்ப்யூட்டர் நம்ம ஊட்டுக்கு வந்ததே இல்லையேங்க, அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். மறுநாள் கறிக்கடையில், "சுல்தானுக்கு நெஞ்செலும்பா, தொடக்கறியா?" என்று கேட்டார்கள். இரண்டும் வாங்கி வந்தேன். பெருந்தீனிக்காரர் என்ற பேர் இருக்கும்போது அரைக் கிலோ வாங்கினால் கஞ்சன் என்றும் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் சுல்தான் ஆற்றங்கரை ஊர்களைச் சேர்த்துக்கொண்டார். நமக்கு நெல் கொண்டுவருகிற செந்தூர்வேல், ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி, உங்களுக்குத் தெரியும். வாசலில் வண்டியை நிறுத்தியவர் மூட்டையை இறக்கவில்லை.

"என்ன பாய், எங்க ஊர எடுத்துக்கிட்டீகளாம்ல? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"அது கம்ப்யூட்டர்ல, செந்தூர்வேல்."

"எதுல எடுத்தா என்ன? எடுத்தது எடுத்ததுதான. இப்பம் கடைசி வயக்காட்டுக்குத் தண்ணி விடுவீகளா, மாட்டீகளா?"

நான் தல்ஹாவிடம் சொன்னேன். நிஜத்தில் எத்தனையோ ஆட்சி வந்துபோயும் தூர்வாராத அந்த வாய்க்கால், கதையில் ஒரே வெள்ளிக்கிழமையில் தூர்வாரப்பட்டது. அன்று முதல் செந்தூர்வேல் சுல்தானகத்தின் விசுவாசமான குடிமகன். போன வாரம் ஒரு தார் பழம் கொண்டுவந்து, "இது கப்பம்" என்று வைத்துவிட்டுப் போனார்.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த புன்னைக்காயல் தேவபிரசாதத்தின் கவலை வேறு. இன்னும் இருநூறு வருடம் கழித்து வரப்போகிற போர்ச்சுக்கீசியரைக் கரையேற விடப்போவதில்லை என்று தல்ஹா முன்கூட்டியே அறிவித்திருந்தான். தேவபிரசாதம் போன் செய்தார். "ஒம்ம மருமவன் அவனுவள வர விடமாட்டாராமே. அப்பம் எனக்கு யாருவே ஞானஸ்நானம் குடுப்பா? எம் பேரு என்னவே?" நியாயமான கேள்விதான். தல்ஹா இரண்டு நாள் யோசித்து, ஒரே ஒரு கப்பலை மட்டும் புயலில் ஒதுங்க விடுவது என்றும், அதில் ஒரு பாதிரியாரும் ஒரு கோயில் மணியும் இருப்பது என்றும் ஒப்புக்கொண்டான். இப்படியாகச் சுல்தானகம் எல்லோரையும் அனுசரித்துக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தது, எட்டாம் அத்தியாயம் வரும்வரை.

எட்டாம் அத்தியாயத்தில் சுல்தானின் ஒரே மகள், இளவரசி யுஸ்ராவுக்கு, பாரசீக வளைகுடா ஹுர்முஸ் தீவின் இளவரசனைப் பேசினான். குதிரை வியாபாரத்துக்கு நல்ல சம்பந்தம். நானே படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து படித்தேன். கடற்கரை நெடுகப் பந்தல், ஊர் முழுக்கக் களறி விருந்து, சுல்தான் மூன்று முறை பந்தியில் உட்கார்ந்தார், எல்லாம் பொருத்தமாக இருந்தது. கடைசி வரி இது: "நிக்காஹ் முடிந்த மறுநாள் இளவரசி கப்பலேறித் தன் கணவனின் அரண்மனைக்குப் புறப்பட்டாள்." உங்கள் தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். வரி மாறவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். நம் ஊரில் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருகிறார், வந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார். நானும் அப்படி வந்தவன்தான். உங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அடுக்களை ஃபேனை இன்றும் உங்கள் தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். யுஸ்ராவுக்காகப் பக்கத்து மனையில் கட்டிய வீட்டில் டைல்ஸ்கூடப் பதித்தாகிவிட்டது. அந்த வீட்டுக்கும் நம் அடுக்களைக்கும் நடுவே ஒரு கதவு வைத்திருக்கிறது. "இங்கன கதவ வச்சா சுவரு பலமில்லாமப் போயிரும் பாய்" என்று கொத்தனார் என்னிடம் சொன்னபோது, உள்ளேயிருந்து உங்கள் தங்கைதான் பதில் சொன்னாள்: "சுவரு விழுந்தா விழட்டும், கதவு வேணும்." அப்படிப்பட்டவள் படிக்கிற கதையில் அவள் மகள் பெயருள்ள பெண்ணைக் கப்பலேற்றிவிட்டான்.

செய்தி முடுக்கு வழியாகப் போயிற்று. ஆண்கள் தெருவோடு நடக்க, பெண்கள் மட்டும் வீட்டுப் பின்புறமாகவே ஊரைச் சுற்றி வருகிற அந்தச் சந்துகளில் ஒரு செய்தி போகிற வேகத்தைத் தல்ஹாவின் எந்த அரபுக் குதிரையும் தொட்டதில்லை. மக்ரிப் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: தல்ஹா கல்யாணம் முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போகப்போகிறான், மனதில் இல்லாததா எழுத்தில் வரும். அன்றைக்கே உங்கள் தங்கை கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்திவிட்டாள். ஷஃபான் மாதத்துக்குள் நடக்க வேண்டிய கல்யாணம், மச்சான், இப்போது ஹுர்முஸ் கடலில் நிற்கிறது.

மறுநாள் தல்ஹாவின் உம்மா ஆயிஷா முடுக்கு வழியாகவே வந்தார். நான் முன்கட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹானி, எம் புள்ளய நான் ஒங்க ஊட்டுக்கு அனுப்பப் போறேன். அழ வேண்டியவ நான். நீங்க எதுக்கு அழுவுறீங்க?"

"கையில வாரது மனசுல இருந்துதானே வரும், ராத்தா?"

"அவன் கையில வாரதப் பாத்தா முடியுமா? போன வாரம் மதுரைய எரிச்சான். அதுக்காக நான் தீப்பெட்டிய ஒளிச்சா வச்சேன்?"

"மதுர வேற. இது பொண்ணு."

ஆயிஷா எழுந்துவிட்டார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார். நம் வீட்டிலிருந்து ஒருவர் தேநீர் குடிக்காமல் போவது நான் வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் தல்ஹா வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. அந்த ஆட்டத்தில் சம்பந்தம் பேசும்போது ஒரு சின்னப் பெட்டி வருமாம். அதில் டிக் போட்டால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். போடாவிட்டால் பெண்தான் போவாள். "மறந்துட்டேன் மாமா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கப்பல் ஏஜென்சியில் தலை நரைத்தவன் நான். ஒரு பாரத்தில் ஒரு டிக் விட்டுப்போனதால் மாலத்தீவுக்குப் போக வேண்டிய முருங்கைக்காய் மொம்பாசா போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவன். ஆனால் முருங்கைக்காய்க்கு உம்மா கிடையாது. "பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் டிக் போட்டுவிட்டு வா" என்றேன். முடியாதாம். செய்ததைத் திரும்ப அழிக்கிற வசதியை ஆட்டம் தொடங்கும்போதே அவனே அடைத்துவிட்டானாம். அழிச்சு அழிச்சு ஆடுனா அது வரலாறு இல்ல மாமா என்கிறான். விளையாட்டில்கூடப் பொய்யாட்டம் ஆடாத மருமகன் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, அந்த நேர்மையால் கல்யாணம் நிற்பதற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல், ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள் என்றேன்.

போர் தொடுத்து மகளை மீட்டு வரலாம் என்று குழுவில் தீர்மானமாயிற்று. குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. செந்தூர்வேல் நெல் தருவதாகச் சொல்லி அனுப்பினார். தேவபிரசாதம் தோணிகளுக்குப் பொறுப்பேற்றார், அந்த ஒற்றைக் கப்பலை இரண்டாக்கினால் என்ற நிபந்தனையோடு. கடைசியில் தடையாக நின்றது யார் என்று கேட்டால், நான். தல்ஹா தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சுல்தானுக்கு ஏற்கெனவே மனசு சரியில்ல மாமா. கோழைங்கிற குணம் வேற இருக்கு. போருக்குக் கிளப்புனா வழியிலேயே மௌத்தாயிருவாக." உங்கள் தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். "பெத்த மகளக் கூட்டிட்டு வர தைரியம் இல்லாத வாப்பா" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு மீன் குழம்பில் நடுத்துண்டு கிடைப்பதில்லை. சுல்தானின் குற்றத்துக்கு நான் வால்துண்டு தின்கிறேன்.

யுஸ்ராவிடம் பேசிப் பார்த்தேன். கடல் உயிரியல் படித்து முத்துச்சிப்பியில் ஆராய்ச்சி முடித்த பெண், விவரமானவள், உம்மாவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லக் கூடாதா? அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "இளவரசி அழுதான்னு எங்கயாவது எழுதிருக்கா வாப்பா?" என்றாள். தேடிப் பார்த்தேன். எழுதியில்லை. தல்ஹாவின் எழுத்தில் இது ஒரு குறை என்று நினைத்துக்கொண்டேன். இன்று மதியம் வந்த ஒன்பதாம் அத்தியாயத்திலும் இளவரசி அழவில்லை. ஹுர்முஸில் விடியற்காலையில் எழுந்து, முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பார்களுக்குத் தோணியில் போய், தண்ணீரின் உப்பையும் சூட்டையும் குறித்துக்கொள்கிறாள். சிப்பி எந்தப் பருவத்தில் குஞ்சு விடும், எவ்வளவு ஆழத்தில் ஒட்டும் என்று ஒரு பக்கம். சாளை மீனுக்கும் சூரைக்கும் வித்தியாசம் தெரியாத பையன் இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தானோ.

ஆகவே மச்சான், என் வேண்டுகோள் இதுதான். தாய்மாமன் வார்த்தை இல்லாமல் நம் வீட்டில் எந்தத் தேதியும் நிற்காது. நீங்கள் தல்ஹாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகப் பேசி, இளவரசியை எப்பாடுபட்டாவது பத்தாம் அத்தியாயத்துக்குள் காயல் கரையில் கொண்டுவந்து இறக்கச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு காயலை விட்டு நகர மாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கி, அதை உங்கள் தங்கைக்குச் சொல்லிப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்ப வைக்க வேண்டும். ஹுர்முஸ் உங்களுக்குப் பக்கம்தானே, நேரிலேயே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் என்று எழுதியிருப்பேன். நீங்கள்தான் இறந்துவிட்டீர்களே.

நோன்புக்கு முன் ஊர் வருவதாக இருந்தால் எனக்கென்று எதுவும் வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு உங்கள் தங்கை தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். உங்கள் ஆயுளும் வேலையும் செழிக்கவும், கடல் பயணம் எதுவாக இருந்தாலும் கரை சேரவும் இங்குள்ள அனைவரின் துஆ என்றும் உண்டு. ஸலாத்துடன் முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மச்சான்,
யஹ்யா
(சுல்தான் அல்ல)

பின்குறிப்பு: யுஸ்ரா படித்துவிட்டாள். படிக்காதே என்றால் எப்படி வாப்பா, போகஸ் பண்ண வேண்டாமா என்கிறாள். மூன்றாம் பக்கத்தைப் போட்டோ எடுக்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெட்டிய அவங்க மறக்கல வாப்பா" என்றாள். "டிக் போடத்தான் போனாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

பஹ்ரைனில் ஒரு முத்துச்சிப்பி ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். இரண்டு வருடம். நம் கடலில் முத்துக் குளிப்பு நின்று கிட்டத்தட்ட என் வயதாகிவிட்டது. "சிப்பி இருக்கிற எடத்துக்குத்தான வாப்பா நான் போகணும்? நேராச் சொன்னா உம்மா அழுவாங்க, நீங்க சுகர் மாத்திரைய மறந்துருவீங்க. முதல்ல கதையில ஒருத்தி போய்ப் பாக்கட்டும்னு நெனச்சோம்" என்றாள். சிப்பிப் பக்கம் முழுவதும் அவள் எழுதிக் கொடுத்ததாம். தல்ஹா என் முன்னால் காது சிவக்க நின்று, தான் செய்யாத மறதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றிருக்கிறான். அவனுடைய நேர்மையைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அடுக்களை வாசலில் உங்கள் தங்கை நின்றிருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. நான் மாத்திரை டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"அங்கன இருக்கதுக்கு ஊடு?" என்றாள்.

"வேல பாக்கிற எடத்துலயே குடுக்குறாங்க உம்மா."

"யாரு பேர்ல?"

"என் பேர்லதான். வேல எனக்குத்தானே."

"அப்ப அவரு?"

"அவங்க லேப்டாப்ப எடுத்துக்கிட்டு என்கூட வாராங்க."

உங்கள் தங்கை கணக்குப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பம் மாப்பிள்ளதான் பொண்ணு ஊட்டுக்கு வாராரு. இதுல என்ன தப்பு இருக்கு? இதப் போயி நீங்க நீளமா எழுதிக்கிட்டு. பத்திரிகக்காரருக்குப் போன் போடுங்க" என்றாள். ஆயிஷா ராத்தாவுக்குத் தேநீர் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லி முடுக்கு வழியாக ஆள் அனுப்பினாள். அப்புறம் அந்த நடுக்கதவைத் திறந்துகொண்டு போய்ப் புது வீட்டைக் கூட்ட ஆரம்பித்தாள். காலையில்தான் கூட்டியிருந்தாள். வெகுநேரம் கூட்டினாள். நான் ஈரத்துணி எடுத்துக்கொண்டு பின்னால் போய், துடைக்க வேண்டியிராத டைல்ஸைத் துடைத்தேன். இரவு எனக்கு நடுத்துண்டு கிடைத்தது.

ஆகவே தல்ஹாவை நீங்கள் கண்டிக்க வேண்டாம். இளவரசி ஹுர்முஸிலேயே இருக்கட்டும். பத்தாம் அத்தியாயத்தை யுஸ்ரா முன்கூட்டியே காட்டினாள். அதில் இளவரசியின் தோணிக்குத் துடுப்புப் போட ஒரு வயதானவர் வருகிறார்; பேசும்போதெல்லாம் முழங்காலைத் தடவிக்கொள்கிறார்; மன்னார்க் கடலில் உடல் கிடைக்காமல் போனவராம். பஹ்ரைனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் தம்மாம் என்றும், மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்றும், குழுவில் இருந்தால் வாய் தவறி உளறிவிடுவோம் என்று பயந்துதான் வெளியேறினார் என்றும் யுஸ்ரா சொல்கிறாள்.

மச்சான், இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் தெரிவித்த அனுதாபத்தை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவர் என்ற முறையில், நான் கூப்பிடும்போது போனை எடுக்கவும்.